விசிலக்கா கையிலிருந்த நீலம்

பஸ் டிப்போவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். நடத்துநராக அவள் ஊதினால் தூங்குகிற பயணி எழுந்து உட்காருவான். வாயும் விசிலுக்குச் சளைத்ததல்ல. அப்பேர்ப்பட்டவள் குடலில் புற்றுநோய் வந்ததைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. வயிற்றில் ஓர் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு, டிக்கெட் பைகளை எடுத்துக் கொடுக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டாள். யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் அவளுக்குத் தாங்காது. புருஷனிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கீமோ ஏறிக்கொண்டிருந்தபோதே காலில் ரத்தம் உறைந்து கட்டிவிட்டது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உறையாமலிருக்க ஊசி போட்டாலோ, குடலில் மிச்சமிருக்கும் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டலாம்.

"ரெண்டு பக்கமும் பள்ளம்மா. நடுவுல பார்த்துத்தான் போகணும்," என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஊசியின் அளவை மாற்றினார்.

தினமும் வயிற்றில் ஊசி. போட வேண்டியவர் புருஷன். லேத் பட்டறையில் இரும்பைச் சீவித் தள்ளுகிற மனிதருக்கு ஊசியைக் கண்டால் வேர்த்துக் கொட்டும். முதல் நாள், வலிக்குமே என்று ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டார். தேய்க்கவே கூடாதாம். உள்ளங்கையளவுக்குக் கன்றிப்போனது. அதற்கப்புறம் போட்டு முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார்.

அலமாரிக் கதவு லேசாக இடித்தாலும் அவள் கையில் நீலம் பூத்தது. டிப்போ சும்மா இருக்குமா? கண், காது, மூக்கு வைத்துப் பேசியது.

ஒரு மாலை அவளை அழைத்துப்போக வந்த புருஷனை வாசலில் மடக்கினார்கள். அவளோடு பல வருஷம் வண்டி ஓட்டிய ஓட்டுநர் சட்டையையே பிடித்துவிட்டார்.

"பொம்பளை மேல கை வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

அவர் தலைகுனிந்து நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

ஜன்னல் வழியே அவள் பார்த்துவிட்டாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கையை எடு! எனக்குக் கேன்சர். ரத்தம் உறையாம இருக்கப் போடுற மருந்தாலதான் கன்னிப்போகுது. இவரு என்னை அடிக்கிறவர் இல்ல, தினமும் ஊசி போட்டு என் உசுரைப் புடிச்சு வெச்சிருக்கிறவரு!"

"அக்கா..." என்று ஓட்டுநர் சட்டையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"அழுதே, தொலைச்சுடுவேன்," என்றாள். இப்படியொரு மனிதருக்குப் பெண்டாட்டி என்று அத்தனை பேர் முன்னாலும் நிற்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பைக்கைக் கிளப்பியபடி அவர் மெல்லக் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே?"

"சொல்லல. அதனாலதான் நான் சொன்னேன்."