குழியைக் காட்டப் போனேன்

போன மழையில் என் ஆட்டோ குழியில் விழுந்தது. மஸ்கெலியா பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில், கோயில் வளைவில். குழி நிறையத் தண்ணீர். ரோடா குழியா என்று தெரியவில்லை. முன் சக்கரம் இறங்கியது – அவ்வளவுதான். ஃபோர்க் வளைந்து, சேஸியில் வெடிப்பு விழுந்துவிட்டது.

பின் சீட்டில் ஆள் இல்லை. நல்லதுதான். ஆனால்... தூக்கிவிடவும் ஆள் இல்லை.

கராஜ்காரர் குனிந்து பார்த்தார். "அண்ணே, இது தட்டி எடுக்கிற வேலை இல்லீங்க. மாத்தணும்."

இன்சூரன்ஸ்? என்னுடையது அடுத்தவர் நட்டத்துக்கு மட்டும் கொடுக்கிற இன்சூரன்ஸ். குழிக்கு அடிபட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

ஆட்டோ இல்லாவிட்டால் பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கொழும்பில். லயத்து வரிசையில் ஒரே அறைக் காம்பரா. அதில் நானும் ரேடியோவும். எனக்குப் பேச்சு என்றால் ஆட்டோவில்தான். பின் சீட்டில் யாராவது மருமகளைத் திட்டிக்கொண்டு வருவார்கள். நான் "ம்" போடுவேன். அந்த "ம்" நின்றுபோனது.

நட்டஈடு கேட்டுப் பார் என்றார்கள். பிரதேச சபைக்குப் போனேன். "அது தோட்டத்து ரோட்டு" என்றார்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் சிரித்தார். "பஸ் ஓடுற ரோட்டு எப்படிங்க தோட்டத்து ரோட்டாகும்? சபைக்குப் போங்க."

எலெக்‌ஷன் வந்தால் இதே ரோட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்!

மறுபடி சபை. இந்த முறை ஒரு சிங்கள அதிகாரி. நல்ல மனுஷன். குழியின் போட்டோவைக் காட்டினேன். தள்ளி வைத்தார். "வெள்ளிக்கிழமை வர்றேன். குழியைக் கண்ணால பார்த்தாத்தான் எழுத முடியும்" என்றார் சிங்களத்தில்.

வியாழன் சாயந்தரம் வெளியே மண்வெட்டிச் சத்தம். மறுநாள் அம்மன் தேர். தேருக்கு முன்னால் வருஷா வருஷம் ரோட்டுக் குழிகளை நாங்களே மூடுவோம். வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். எனக்கு மறந்தே போயிருந்தது.

பக்கத்துக் காம்பரா ராஜேஸ்வரி கதவைத் தட்டினாள்.

"என்னண்ணே, ஆட்டோ படுத்துருச்சுன்னா நீங்களும் படுத்துக்குவீங்களா? வாங்க, வீட்டுக்கு ஒரு ஆளு!"

"வளைவுல இருக்கிற குழிய மட்டும் விடச் சொல்லும்மா. நாளைக்கு ஆபீசர் பாக்க வர்றாரு."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "ஆத்தாவையும் அதுக்குள்ள இறக்கிவிட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்து நட்டஈடு கேக்கப் போறீங்களா?"

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் வீட்டில் அந்த ஒரு ஆள் நான்தான். போனேன்.

கல் சுமந்தேன். அந்தக் குழிக்கு ரொம்பக் கல் பிடித்தது. மண் போட்டு ஆள் மாற்றி ஆள் மிதித்தோம். யாரோ பிளேன்டீ கொடுத்தார்கள். "ஒங்க குழிண்ணே, கடைசி மிதி நீங்கதான்" என்றான் ஒருத்தன். மிதித்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆட்களுக்கு நடுவில் நிற்கிறேன்...

வெள்ளி காலை. அதிகாரி சொன்னபடி வந்துவிட்டார்.

"குழி எங்கே?"

"நீங்க நிக்கிற இடந்தான் சேர்."

காலால் தட்டிப் பார்த்தார். "யார் மூடினது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"நாங்கதான் சேர்."

"இல்லாத குழிக்கு நான் எப்படி எழுதுறது?" நியாயமான கேள்வி. நன்றாகப் போட்டிருக்கிறீர்கள் என்று வேறு சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

தேர் குலுங்காமல் போனது. மறுநாள் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். லயத்தில் ரேடியோச் சத்தம் மட்டும்.

குழியை ஊரே சேர்ந்து மூடலாம். விழுந்த வண்டி மட்டும் விழுந்தவனுடையது. யாரையும் குறை சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கிறது.

ஆட்டோ இன்னும் கராஜில்தான். டவுனுக்கு நடந்து போகிறேன். நடக்கிறவனுக்கு ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.