தமிழ்மணி சோதிக்காத பொடி

வலி முதலில் வந்தது வலது கைப் பெருவிரலின் அடியில். தமிழ்மணிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கடலூர் சிப்காட்டில், மருந்துக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் செய்து அனுப்பும் ஒரு ஆலையின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கெமிஸ்ட். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, சிப்காட் ஸ்டாப்பிங்கில் இறங்கி, வெள்ளைக் கோட்டை மாட்டினால் சாயங்காலம் வரை கைக்கு ஓய்வில்லை. டிரம்மில் வந்திருப்பது சீட்டில் எழுதியிருக்கும் சரக்குதானா, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு டிரம்மும் உள்ளே போகாது.

வலி இடது கைக்கும் பரவியது. பிறகு இரண்டு முட்டிக்கும். ஒரு நாள் அமிலம் இருந்த குடுவை கை நழுவி மேடையிலேயே உடைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு குடுவையையும் இரண்டு கையாலும் பிடித்தாள். பிடிக்கும்போது யாராவது கவனிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம் அது.

எக்ஸ்ரே எடுத்ததில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் தின்றாள். நான்காவது மாதம் வயிற்றில் புண்ணாகி, ரத்தம் கசிந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. இனி அந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அப்படியானால் எதைத் தொடலாம் என்று கேட்காமலே வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

அதன்பிறகு கேட்டதையெல்லாம் செய்தாள். எண்ணெய் தேய்த்தாள். ஒத்தடம் கொடுத்தாள். லால்பேட்டையிலிருந்து கூட வேலைக்கு வரும் ஒரு பெண் ரத்தம் உறிஞ்சி எடுக்கும் வைத்தியம் ஒன்றைச் சொன்னாள்; வயிற்றுப்புண்ணில் ரத்தம் போன பயத்தில் அதற்கு மட்டும் போகவில்லை. புதுச்சேரியில் ஊசி குத்தும் வைத்தியத்துக்கு ஆறு தடவை போனாள். குத்திய அன்று கொஞ்சம் தேவலை போலிருக்கும். மறுநாள் அது நினைப்புதானோ என்று தோன்றும். வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு ஒரு டைரியில் குறித்து வந்தாள். ஏழு, ஏழு, ஆறு, எட்டு, ஏழு. எந்த வைத்தியத்துக்கும் அந்த வரிசை அசையவில்லை.

அவள் கணவன் இளவரசு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அவனுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் விருத்தாசலம் போகும் சாலையில் ஒரு வைத்தியரைப் பார்க்கப் போனார்கள். ஓட்டு வீடு. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் பழுப்புநிறப் பொடி கொடுத்தார்.

"காலைல ஒரு ஸ்பூன், ராவுல ஒரு ஸ்பூன். தேன்ல கொழைச்சி சாப்புடு. எல்லாம் பச்சிலை. பயப்படவே வாணாம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை தமிழ்மணி டைரியில் இரண்டு என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கையை விரித்து மூடிப் பார்த்தாள். அடுத்த வாரம் பூஜ்யம். திருவந்திபுரத்தில் தேவநாத சாமியைப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் மலையின் படிகளைக் கைப்பிடி தொடாமல் ஏறினாள். இளவரசு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். "ஏய், மெதுவா போ மணி" என்று அவன் கூப்பிட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷமாக அவள்தான் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே பயமும் முளைத்துவிட்டது. பச்சிலை மூன்று நாளில் இப்படிக் கேட்குமா? நாட்டு மருந்துப் பொடியில், வலியைச் சட்டென்று அடக்கி உடம்பை உள்ளே கெடுக்கும் ஸ்டீராய்டு கலப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிலிக்கா பூசிய ஒரு சின்னத் தகடு, கொஞ்சம் கரைப்பான், முக்கால் மணி நேரம். அவ்வளவு போதும் பார்த்துவிட. ஒரு நாள் டப்பாவைக் கைப்பையில் வைத்து ஆய்வகத்துக்கே கொண்டுபோனாள். சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். தெரிந்துவிட்டால் விட்டாக வேண்டும். விட்டால் மறுபடியும் ஏழு.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து மாதம் ஓட்டினாள்.

அதற்குள் முகம் உருண்டையாகிவிட்டது. "நல்லா தெளிஞ்சிட்டீங்க மேடம்" என்றார்கள். எப்போதும் பசித்தது. மேசை விளிம்பில் லேசாக இடித்தாலும் முழங்கையில் நீலம் பாய்ந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தாள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் மாரியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது, இரண்டு முட்டியும் வீக்கம். தமிழ்மணி மாடிப்படி ஏறும் வேகத்தைப் பார்த்துவிட்டு, பொடி தொடங்கிய மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"மேடம், எனக்கும் ஒரு டப்பா வாங்கியாங்க."

"ஒனக்கு சுகர் இருக்கே மாரியம்மா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

"பச்சிலதான? அது இன்னா பண்ணிடப் போவுது? நீங்களே சாப்புடுறீங்க. நீங்க பாக்காத மருந்தா?"

அதற்குப் பதில் சொன்னால் தமிழ்மணி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு டப்பா வாங்கி வந்தாள்.

இரண்டு மாதம் மாரியம்மாள் ஓடி ஓடி வேலை செய்தாள். பிறகு நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள், கடலூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. காலில் சின்னதாகச் செருப்புக் கடித்த இடம் சீழ் பிடித்து, சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. தமிழ்மணி மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் போய் நின்ற நேரம் ஒரு இளம் டாக்டர் கட்டில் அருகே கேட்டுக்கொண்டிருந்தார். "சுகர் மாத்திரை ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. திடீர்னு இவ்ளோ ஏறக் காரணம் இருக்கணும். வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களாம்மா?"

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள் மாரியம்மாள். அவள் பொய் சொல்லவில்லை. பச்சிலையை அவள் மருந்துக் கணக்கில் வைக்கவில்லை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். இத்தனை மாதம் நினைத்ததெல்லாம் சந்தேகம்தானே, உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தமிழ்மணி தனக்கே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் கம்பெனிக்குத் திரும்பும்போதுதான், அந்த உறுதிக்கு முக்கால் மணி நேரம் போதும் என்பது நெஞ்சில் இடித்தது.

கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை நான்கு வாங்கினாள். ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பையில் எப்போதும் கொஞ்சம் வைத்திருந்த பொடியை ஒரு குழாயிலும் மாத்திரையை ஒரு குழாயிலும் கரைத்தாள். தகட்டின் அடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். கரைப்பானில் நிறுத்தினாள். ஈரம் தகட்டில் மெல்ல மேலே ஏறியது. ஒரே பொருளாக இருந்தால் இரண்டு பொட்டும் ஒரே உயரத்துக்குப் போய் நிற்கும். வேறாக இருக்கட்டும், கடவுளே, வேறாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

கதவு திறந்தது. ஆய்வக மேலாளர் அறிவழகன்.

"என்ன சாம்பிள் இது? ரெஜிஸ்டர்ல இல்லையே."

வேலை போய்விடும் என்று நினைத்தாள். ஆனாலும் உள்ளதைச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் வாய் திறக்காததையும் சேர்த்து. அவர் தகட்டை எடுத்து உலர்த்தி, புற ஊதா விளக்கின் அடியில் பிடித்தார். இரண்டு கரும்புள்ளிகள், கோடு போட்டது போல ஒரே உயரத்தில். பொடியின் வரிசையில் இன்னொரு புள்ளியும் இருந்தது. அது வலி மாத்திரையாக இருக்கலாம். அவள் வயிற்றைப் புண்ணாக்கியதே, அந்த வகை.

"நீங்க சந்தேகப்பட்டது சரிதான் மேடம்" என்றார் அறிவழகன். "கம்பெனி பேர்ல ரிப்போர்ட் எல்லாம் குடுக்க முடியாது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டருக்கு இது தெரியணும்."

அந்த இளம் டாக்டரைத் தேடிப்பிடித்துச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஸ்டீராய்டுதான் சுகர ஏத்தியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவசரமாக எழுதத் தொடங்கினார். அதற்கேற்ப மாரியம்மாளின் சிகிச்சை மாறியது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் வலது காலில் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

டாக்டரிடம் சொன்ன அன்றே தன் டப்பாவை வீட்டுக் குப்பையில் கொட்டினாள் தமிழ்மணி. அதுவும் தவறாய்ப் போயிற்று. மூன்றாம் நாள் காலை பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது கண் இருட்டியது. வாந்தி எடுத்தாள். எழுந்திருக்கப் பார்த்து அப்படியே சரிந்தாள். கண்டக்டர் போன் போட, இளவரசு வந்து சிதம்பரத்துக்கே திருப்பிக் கொண்டுபோனான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவர் டாக்டர் ஸ்ரீமதி.

"அஞ்சு மாசம் ஸ்டீராய்டு உள்ள போனா, ஒடம்பு தானா சுரக்கறத நிறுத்திடும். ஒரேயடியா விட்டா இப்படித்தான் விழுவீங்க. அதே மருந்த அளந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். மாசக் கணக்குல ஆவும்" என்றார்.

"அது நின்னதும் வலி வந்துருமா?"

"வரும்."

தமிழ்மணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்தும் வைத்தியம், யோகா, எண்ணெய் இவற்றில் எதற்காவது நிஜமான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டாள். கெமிஸ்ட் கேட்கிறாள் என்பது டாக்டருக்குப் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முட்டிக்கு ஆதாரம் ஜாஸ்தி இருக்கறது ஒடற்பயிற்சிக்குத்தான். தொடைய பலப்படுத்தணும், விடாம செய்யணும். யோகாவும் சில பேருக்கு ஒதவுது, ஆனா ஆராய்ச்சி சின்னச் சின்னதா இருக்கு. ஊசிய நெறைய சோதிச்சிட்டாங்க. நெஜமா குத்திக்கிட்டவங்களுக்கும், சும்மா குத்தற மாதிரி பண்ணிக்கிட்டவங்களுக்கும் வித்தியாசம் கொஞ்சந்தான். எண்ணெய்க்குப் பெருசா எதுவும் இல்ல, இதமா இருந்தா தேச்சிக்குங்க. பெருவிரல அசையாம தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை குடுக்கறேன்."

"ஒதவும்னா எவ்ளோ டாக்டர்? ஏழுலேந்து எவ்ளோ எறங்கும்?"

"ஆறு ஆகலாம். அஞ்சு ஆகலாம். ஆகாமலும் போகலாம். பூஜ்யம்னு யாராவது சொன்னா எந்திரிச்சி வந்துடுங்க."

பூஜ்யத்தை அவள் அனுபவித்திருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. மாத்திரை அரை அரையாகக் குறையக் குறைய, ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் அசையாமல் படுத்து, விரலை மடக்கலாமா வேண்டாமா என்று பயந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் வலி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

வைத்தியர் வீட்டுக்கு இளவரசோடு ஒரு நாள் போனாள். காத்திருந்த கூட்டத்தின் முன்னாலேயே பொடியில் இருந்ததைச் சொன்னாள். வைத்தியரின் முகம் வெளுத்தது. "நான் அரைக்கறது இல்லம்மா. மூட்டையா வாங்கறேன். ஜனங்க குணமாவுதுன்னு சொன்னாங்க, குடுத்தேன்" என்றார். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் ஒரு ஆள், "ஒனக்கு ஒத்துக்கலன்னா போம்மா, எங்க பொழப்ப ஏன் கெடுக்கற?" என்று கத்தினான். இரண்டு பேர் மட்டும் எழுந்து போனார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். ஆட்கள் வந்து பொடி எடுத்துப் போனார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டாள். பூட்டியது அவர்களா, அவராகவே போய்விட்டாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

மாரியம்மாளை நேரில் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவள் வேலைக்குத் திரும்பிய நாளில் தமிழ்மணி கோட்டைக்கூட மாட்டாமல் கம்பெனி கேட்டுக்கே போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து மாதம் சோதிக்காமல் வைத்திருந்ததையும் மறைக்கவில்லை.

மாரியம்மாள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சே குடுத்தீங்களா மேடம்?"

"தெரிஞ்சிக்காம குடுத்தேன்."

"அது இன்னும் மோசம்" என்றாள் மாரியம்மாள். முட்டியைத் தடவிக்கொண்டே, "வெரலு போச்சி, சரி. முட்டி வலி திரும்ப வந்துடுச்சே, அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க? சும்மா அழுதா ஆச்சா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஸ்ரீமதி சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தமிழ்மணி அன்றைக்கு முதன்முறையாக இன்னொருவருக்குக் காட்டினாள். சர்க்கரைக்காரி என்பதால் முதலில் மாரியம்மாளின் டாக்டரிடம் கேட்டு வந்த பிறகே தொடங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. கை ஊன்றாமல் எழுந்திருப்பது, உட்கார்வது. காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடிப்பது. மாரியம்மாள் ஆறிலேயே இறக்கிவிட்டுப் பத்து என்பாள். முதல் மூன்று வாரம் இருவருக்கும் வலி கூடியது. விட்டுவிடலாமா என்று தமிழ்மணி தினமும் நினைத்தாள். எதையோ மறுபடியும் தவறாகக் கொடுத்துவிட்டோமோ என்று மாரியம்மாளின் பாதத்தைத் தினமும் குனிந்து பார்த்தாள்.

பயிற்சி தொடங்கி இப்போது எட்டு மாதம் ஆகிறது. தமிழ்மணியின் டைரியில் பெரும்பாலும் ஐந்து, மழைக்காலத்தில் ஆறு. அது பயிற்சியாலா, பட்டையாலா, காலம் போனதாலா என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு ஆளை வைத்து அதைச் சொல்ல முடியாது என்பது அவளுக்கே தெரியும். கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. அவள் பெயர் இல்லை. அடுத்த பட்டியலைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. நுண்ணிய வேலைகளை அறிவழகன் வேறொருவருக்கு மாற்றியிருக்கிறார். அது கருணையா, வேலையை விட்டு அனுப்புவதற்கான ஆயத்தமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாரியம்மாளிடம் போன வாரம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது மேடம்" என்றாள் அவள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தபடி. "நேத்து பஸ்ல நின்னுக்கினே வந்தேன். எறங்கும்போது யாரு கையயும் புடிக்கல. எழுதிக்கிறதுன்னா அத எழுதிக்குங்க."