கீசாவில் ஆளில்லாத பெட்டி

ஒக்டோபர் 19, ஞாயிறு

மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சின் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். அதனால் விமானத்தில் ஏறினால் நான் ஜன்னலைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பேன். ரொறன்ரோவிலிருந்து கெய்ரோவுக்கு நேர்விமானம், பத்தரை மணித்தியாலப் பறப்பு. கோழி காய்ந்துபோயிருந்தது. பக்கத்து இருக்கையில் பிலோ மச்சாள் அதைத் தொடாமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கோ மச்சாள், காசு குடுத்தது" என்றேன்.

"நீர் சாப்பிடும். நீர் கட்டினதுதானே."

அந்த விமானத்துக்கு எங்கள் கிச்சின் கட்டுவதில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு ஏறாது.

உண்மையில் நாங்கள் புறப்பட்டிருக்கவேண்டியது எருசலேமுக்கு. எங்கள் கோயில் சனம் முப்பது பேர் சொச்சம் ஒரு வருஷத்துக்கு முன்னரே பெயர் கொடுத்திருந்தோம். அங்கே சண்டை என்றதும் பயண ஏஜென்ற் எருசலேமை வெட்டிவிட்டு எகிப்தை நீட்டிவிட்டார். "குழந்தை யேசுவோடு திருக்குடும்பம் அடைக்கலம் தேடிப் போன நாடுதானே" என்று பாதர் சமாதானம் சொன்னார். "அப்ப அவையும் எங்களைப்போல ரெஃபியூஜியள்தான்" என்று பின்வரிசையில் யேசுதாஸ் அங்கிள் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு மீதிக் காசைக் கட்டினோம்.

நான் கட்டியதற்கு வேறு காரணம் இருந்தது. பிலோ மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணனின் பெயர் அன்ரன். 2009இல், வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது, தறப்பாள் கொட்டிலிலிருந்து தண்ணீர் எடுத்துவரப் போனவர் திரும்பி வரவில்லை. கண்டவர்கள் யாரும் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. நான் அப்போது ரொறன்ரோவில் இருந்தேன். பார்க்டேல் அப்பார்ட்மென்ற் ஒன்றில் போனைக் காதில் வைத்தபடி அந்த மாதங்களைக் கழித்தேன். சில வருஷங்களுக்குப் பிறகு மச்சாள் கனடா வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து ரெக்ஸ்டேலில் எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் கோயில்களில் பூசைக்குக் கருத்து, அதாவது யாருக்காக என்று, கொடுக்கும்போது இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் சுகத்துக்காக. இறந்தவர் என்றால் ஆன்ம இளைப்பாற்றிக்காக. நடுவில் ஒன்றும் கிடையாது. மச்சாள் பதினாறு வருஷமாக அண்ணனின் சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்து வருகிறார். ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர்களின் நாள் வரும்போது, "போதும் மச்சாள், அவற்ற பேரையும் குடுப்பம்" என்பேன் நான். "உமக்கு என்ன அவசரம்?" என்பார் அவர். பிறகு ஒரு கிழமைக்கு வீட்டில் சட்டிபானைதான் பேசும். புனித பூமிக்குக் கூட்டிக்கொண்டு போனால் மனம் இளகும் என்று நினைத்தேன். பாதரிடமும் சொல்லி வைத்தேன். "நீங்கள் தள்ளாதேங்கோ றெஜினா, அவ தானா வரட்டும்" என்றார் பாதர். தள்ளாமல் இருப்பது என் சாதகத்திலேயே இல்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கெய்ரோவில் எங்கள் வழிகாட்டியின் பெயர் மீனா. தாடி வைத்த, ஆறடி உயர ஆண்பிள்ளை. எகிப்தியக் கிறிஸ்தவர்களிடையே அது ஆண்களுக்கு வைக்கும் பெயராம். பஸ்ஸில் இருந்த அன்ரிமார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவர் கோபிக்கவில்லை. சிலோன் தேயிலைதான் தன் வீட்டில் குடிப்பது என்று சொல்லி எல்லோரையும் வளைத்துப் போட்டார்.

காலையில் அரச மம்மிகளை வைத்திருக்கும் மண்டபத்துக்குப் போனோம். நிலத்துக்குக் கீழே, கறுப்புச் சுவர், மங்கல் வெளிச்சம். உள்ளே கதைக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஆகவே மீனா வாசலிலேயே எங்களை நிறுத்தி விளக்கினார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல நான் மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன். செத்தவரின் ஆவி உடலைத் தேடித் திரும்பி வரும் என்பது பழைய எகிப்தியரின் நம்பிக்கை. அதற்காகத்தான் உப்பிலே உலர்த்தி, துணி சுற்றி, உடலைக் கெடாமல் வைத்தார்கள். உடல் எப்படியும் தொலைந்துபோனால் இருக்கட்டும் என்று சிலையும் செய்து வைத்தார்கள். அதன் முன்னால் அப்பம் வைத்து, பெயரைச் சொல்லுவார்கள். செய்ய ஆளில்லாவிட்டால் அந்த ஆவி பசியோடு நிற்கும்.

உள்ளே ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் ஒரு அரசர் படுத்திருந்தார். பெயர் எழுதியிருந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய முகங்கள், ஆனால் மூக்கு மூக்காகவே இருந்தது. ஒருவருடைய தலைமயிர் மருதாணி போட்டதுபோலச் செம்மஞ்சளாக இருந்தது. மச்சாள் அவருடைய கைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு நேரே நடந்து வெளியேறி, படிக்கட்டருகே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் போனேன். "தலை சுத்துதோ?"

"நகம்கூட இருக்கு, றெஜினா" என்றார். "ஆரெண்டு தெரியாத சனம் வந்து பாக்கிறதுக்கு அந்த மனுசன்ர நகத்தையும் வைச்சிருக்கினம்."

அவர் அழவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்களுக்கு ஒரு சேட்டுப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத என் வாய், "அதுக்குத்தான் மச்சாள் சொல்லுறன், ஒரு பூசையாவது—" என்று தொடங்கிவிட்டது. மச்சாள் கையை உயர்த்தி நிறுத்தினார். மதியச் சாப்பாட்டில் வேறு மேசையில் போய் இருந்துகொண்டார்.

ஒக்டோபர் 22, புதன்

கீசா கெய்ரோவின் நடுவிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. பாலைவனத்தின் நடுவே தனியாக நிற்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பிளாட்டுகள், டயர்க் கடைகள், ஜூஸ் கடைகள் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஒரு திருப்பத்தில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு மேலால் பிரமிட்டின் முனை எட்டிப் பார்க்கும். பஸ் ஒருகணம் அமைதியாகிவிட்டது. அந்த முப்பது பேரையும் அப்படி அமைதியாக நான் பூசையிலும் கண்டதில்லை.

கிட்டப் போனால் அது மலையாகத் தெரிவதில்லை, கல்லாகத்தான் தெரிகிறது. அடிவரிசைக் கல் என் தோளுக்கு வந்தது. கூஃபு என்ற அரசருக்காக நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் கட்டியது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கற்கள். இப்போது உயரம் கிட்டத்தட்ட நூற்று முப்பத்தெட்டு மீற்றர். முன்பு இன்னும் எட்டு மீற்றர் கூட இருந்ததாம். இரும்புக் கருவி இல்லாத காலத்தில், கப்பி இல்லாமல், இவற்றை எப்படி ஏற்றினார்கள் என்பதற்கு இன்றைக்கும் முடிவான பதில் இல்லை. மண்ணால் சாய்தளம் போட்டிருக்கலாம் என்கிறார்கள். எந்தப் பக்கம், எப்படி என்பதில் ஆளுக்கொரு கதை.

"வேற்றுக்கிரகத்து ஆக்கள்தான் கட்டினது. யூரியூப்பில பாத்தனான்" என்றார் யேசுதாஸ் அங்கிள்.

மீனா இதை ஆயிரம் தரம் கேட்டிருப்பார். தெற்குப் பக்கமாகக் கையைக் காட்டி, கட்டிய வேலையாட்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன என்றார். வேலையில் செத்தவர்களையும் பக்கத்திலேயே புதைத்து, அப்பமும் பியரும் வைத்து அனுப்பினார்களாம். சிலருடைய பெயரும் அங்கே எழுதியிருக்கிறது.

"கல்லிழுத்தவனுக்கும் குழி இருக்கு" என்றார் மச்சாள், ஒருவரையும் பாராமல். பிறகு என்னைக் கேட்டார்: "அப்ப இந்த ராசா உள்ளுக்கை இருக்கிறாரோ?"

நான் மீனாவிடம் கேட்டேன். இல்லை என்றார். பெட்டி இருக்கிறது, ஆள் இல்லை. பழைய காலத்திலேயே கள்வர் புகுந்து எடுத்திருப்பார்கள் என்பது பலருடைய எண்ணம். வேறு இடத்தில் புதைத்திருக்கலாம் என்பாரும் உண்டு. கூஃபுவின் உடல் என்று இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்களுக்கும் தெரியாது, மேடம்" என்று சொல்லித் தோளைக் குலுக்கினார்.

மச்சாள் கைப்பையைத் திறந்தார். "நான் உள்ள போறன்."

உள்ளே போகத் தனி ரிக்கற். ஆயிரத்து ஐந்நூறு எகிப்திய பவுண், எங்கள் காசில் நாற்பது டொலருக்குக் கொஞ்சம் மேலே. மற்றவர்கள் ஒட்டகத்தோடு படம் எடுக்கப் போய்விட்டார்கள். மச்சாளுக்கு அறுபத்திரண்டு வயது, வலது முழங்கால் தேய்ந்தது. "ஏலாது மச்சாள், உது உங்கட காலுக்குச் சரிவராது" என்றேன். அவர் வரிசையில் போய் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

முதலில் குகைபோல ஒரு வழி. பிறகு ஏறுபாதை தொடங்குகிறது. உயரம் ஒரு மீற்றர் சொச்சம்தான். இரண்டாக மடிந்துதான் ஏறவேண்டும். மிதிக்கப் பலகை, அதில் குறுக்கே இரும்புச் சட்டங்கள். எதிரே இறங்கி வருகிறவர்களின் வியர்வை எங்கள்மேல் சொட்டியது. அது முடிந்ததும் கூரை திடீரென்று வெகு உயரத்துக்குப் போய்விடுகிறது. இருபக்கச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் நீண்ட மண்டபம். நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்த சந்தோஷத்தில் அதன் அழகு எனக்குப் பாதிதான் தெரிந்தது. மச்சாள் ஒவ்வொரு சட்டத்திலும் நின்று, இடது காலை வைத்து, வலது காலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒருதரமும் என் கையைக் கேட்கவில்லை.

ராசாவின் அறைக்குள் மறுபடி குனிந்துதான் நுழையவேண்டும். கறுத்த கருங்கல் சுவர், மொட்டை. ஒரு படமில்லை, ஒரு எழுத்தில்லை. மேலே கூரைக்கு ஒன்பது பாரிய கற்பாளங்கள். ஒரு மூலைப்பக்கமாகப் பெட்டி கிடந்தது. மூடி இல்லை, ஒரு முனை உடைந்திருந்தது. வந்த வழியைவிட அது அகலம். ஆகவே சுவரை மூட முன்னரே உள்ளே வைத்திருக்கவேண்டும். இவ்வளவு பெரிய கட்டடமும் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கட்டியதுதான்.

அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். மச்சாள் பெட்டியருகே போய்க் கையை உள்ளே விட்டார். அடித்தளத்தை, பாய் தட்டுகிறமாதிரி, இந்தக் கரையிலிருந்து எட்டிய தூரம்வரை தடவிப் பார்த்தார். காவல்காரர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்டுமில்லை" என்றார்.

"ஓம் மச்சாள்."

"இவ்வளவு கல்லையும் வைச்சுக் கட்டியும் ஆளை வைச்சிருக்கேலாமப் போச்சுது." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "றெஜினா, உம்மை ஒண்டு கேக்கிறன். பதினாறு வருஷமா நான் அவற்ற சுகத்துக்குப் பூசை குடுத்தன். ஆள் இல்லையெண்டால் அந்தப் பூசையெல்லாம் ஆருக்குப் போனது?"

நான் பெட்டியின் உடைந்த முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்கே முடிஞ்சுதெண்டால், இவ்வளவு காலமும் அந்த ஆன்மாவுக்கெண்டு ஒருத்தர் ஒரு பரலோக மந்திரம் சொல்லேல்லை. நான் விடேல்லை. தனிய நிண்டிருக்குமே, றெஜினா. தண்ணிக்குப் போன மனுசன்."

இத்தனை வருஷமாக அவருடைய வாயிலிருந்து எதை வரவழைக்க முயன்றேனோ அது இப்போது தானாகவே வந்துவிட்டது. சந்தோஷப்படவேண்டியவள் நான். "கீழ இறங்குவம் மச்சாள், எனக்கு மூச்சு முட்டுது" என்றுதான் சொன்னேன்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. மச்சாள் பாதரைத் தேடிப் போனார். இரண்டு பேரும் கற்களின் நிழலில் நின்று கதைப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதர் என் பக்கம் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மிச்ச நாட்களில் சக்காராவின் படிப் பிரமிட்டைப் பார்த்தோம். பழைய கெய்ரோவில், திருக்குடும்பம் தங்கியதாகச் சொல்லும் நிலவறையையும் பார்த்தோம். பாப்பிரசுத் தாளில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள், எல்லோரும் வாங்கினார்கள். மச்சாள் நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார், திரும்பும் விமானத்தில் கோழியையும் முடித்தார். நான்தான் ஒன்றையும் தொடவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு. ரொறன்ரோ

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் நாள், இறந்தவர்களின் நாளும்கூட. ஐந்து மணிப் பூசைக்கு நாங்கள் போகும்போதே இருட்டத் தொடங்கியிருந்தது. கோயில் நிறைந்து, ஈர ஜாக்கெற் வாசமாக இருந்தது. இறந்தவர்களின் பெயர்களைப் பாதர் வரிசையாக வாசித்தார். அங்கே ஒருவருக்காக ஒரு நாடே கல் இழுத்தது. இங்கே ஒருவருக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கிறது. அதுவே போதும் என்றுதான் இத்தனை வருஷமும் மச்சாளோடு சண்டை பிடித்தேன்.

"சவிரிமுத்து அன்ரன்" என்று வாசித்தார் பாதர். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

பட்டியல் முடிந்ததும் சனம் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. மச்சாளின் குரல் என் பக்கத்தில் தெளிவாகக் கேட்டது. எனக்கு வாய் திறக்கவில்லை. எழும்பி நின்று, அந்தப் பெயரை எடுங்கோ பாதர், அவர் இன்னும் வரேல்லை என்று சொல்லவேண்டும்போல இருந்தது. முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

காருக்குள் ஏறியும் சாவியைப் போட முடியவில்லை. அழுகை என்னை உலுப்பி எடுத்தது. 2009இல்கூட நான் அப்படி அழவில்லை.

"நீர்தானே கேட்டனீர்" என்றார் மச்சாள். அதில் குத்தல் இல்லை.

"நீங்கள் அவர் வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியள் எண்ட தைரியத்திலதான் மச்சாள், நான் அவர் செத்துப்போனார் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இப்ப ஒருத்தரும் பாத்துக்கொண்டு இல்லை."

கண்ணாடியில் எங்கள் மூச்சின் புகார் படிந்து வெளியே நின்ற கார்கள் மறைந்துபோயின. கடைசியில் மச்சாள் தன் சால்வை நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அப்ப இனி நீர் சுகத்துக்குக் குடும்" என்றார். "நான் ஆன்மாவுக்குக் குடுக்கிறன். ரெண்டில ஒண்டு அவரிட்டப் போய்ச் சேரட்டும்."