மீன்காரர் காப்பாற்றிய தங்கமீன்

அக்கராயனில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தேன். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இருபது வருடமாக மேசன் வேலை செய்தவன், மூன்று மாதம் பிளாஸ்டர் போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்தேன். பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய பஸ்ஸில் போனால் பொழுதுபடத்தான் திரும்புவாள்.

ஒரு சனிக்கிழமை அவள் சிறிய கண்ணாடித் தொட்டியொன்றும் ஒரு பொலித்தீன் பையும் கொண்டுவந்தாள். பைக்குள் என் பெருவிரல் அளவில் ஒரு தங்கமீன்.

"சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு இதைப் பாருங்கோ" என்றாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் மூன்றாம் நாளே அது என்னைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பாவம், பசிக்கிறது என்று நினைத்தேன். தீன் போத்தல் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அது வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை போட்டேன். எனக்கும் வேறு வேலை இல்லை.

ஒரு கிழமைக்குள் தண்ணீர் கலங்கி மணக்கத் தொடங்கியது. மனைவி ஒருநாள் வழமையைவிட நேரத்தோடு எழும்பி, பழைய தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயிலிருந்து நேராகப் பிடித்து நிரப்பிவிட்டு வேலைக்கு ஓடினாள். தொட்டி பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவிக்கிறது. செவுள்கள் படபடவென்று அடித்தன.

ஊன்றுகோலோடு நிற்பவன் வாளி தூக்குவது எப்படி? அந்த நேரம் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருபவர். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. விலைக் கதையைத் தவிர அவரோடு வேறு கதை கதைத்ததில்லை.

"அண்ணை, கெதியா உள்ளுக்கு வாங்கோ!"

"இண்டைக்குப் பாரை நல்லது அண்ணை, எவ்வளவு…"

"மீன் வாங்க இல்லை. இஞ்சை ஒரு மீன் சாகுது!"

வந்தார். தொட்டிக்கு மேல் குனிந்து மணந்து பார்த்தார்.

"குழாய்த் தண்ணியோ? முழுசா மாத்தினீங்களோ?"

"ஓம், விடிய மனிசி மாத்தினவ."

"குளோரீன். செவுளை எரிச்சுப்போடும். ரெண்டு மூண்டு நாளா வைச்ச தண்ணி ஏதும் கிடக்கோ?"

தண்ணீர் வராத நாளுக்கென்று மனைவி பிடித்து வைத்த பெரிய வாளி குசினி மூலையில் கிடந்தது. அவர் முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்த வாசம் போகும்வரை அலசினார். பிறகு தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அப்படியே. பிறகு ஒரு கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார், காற்றுச் சேரட்டுமென்று. கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம்.

"உங்கடை வியாபாரம் கெடுது அண்ணை" என்றேன்.

"பரவாயில்லை. நீர்கொழும்பிலை அலங்கார மீன் பண்ணையிலை ரெண்டு வருசம் நிண்டனான். இப்ப செத்த மீனோடைதானே சீவியம். ஒண்டு உயிரோடை எழும்பிறதைப் பாத்துக் கனகாலம்."

மீன் மெல்ல நிமிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

"தண்ணி ஏன் கலங்கினது? எவ்வளவு தீன் போடுறியள்?"

"காலமையும் பின்னேரமும்" என்று பொய் சொன்னேன்.

அடியில் ஊறிக் கிடந்த தீனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு நிமிசத்திலை தின்னக்கூடியதைத்தான் போட வேணும். அது வாயைத் திறக்கிறது எல்லாம் பசியிலை இல்லை அண்ணை. கிழமைக்கு ஒருக்கா மூண்டிலை ஒரு பங்கு தண்ணியை மட்டும் மாத்துங்கோ. முதல் நாளே பிடிச்சுத் திறந்து வையுங்கோ. வளர வளர இந்தத் தொட்டியும் காணாது."

மனைவி வந்து கதையைக் கேட்டதும் உடைந்து போனாள். "நான்தான் அதைக் கொல்லப் பாத்தனான்" என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லி வருந்தினாள். மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. தண்ணீர் பழுதாகும் அளவுக்குத் தீன் கொட்டியது நான்தான் என்று சொன்னேன். எழுந்து போய், தீன் போத்தலை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள், எனக்கு எட்டாத உயரத்தில். பிறகுதான் சிரித்தாள்.

அடுத்த கிழமை மீன்காரர் பழைய ஒக்சிசன் மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டியில் காற்றுக் குமிழி வரும்படி பூட்டித் தந்தார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஹோர்ன் அடித்துவிட்டு உள்ளே வந்து தொட்டியைப் பார்க்காமல் போனதில்லை. அவருக்கு மனைவி சுடுபோத்தலில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டே வேலைக்குப் போவாள். பிளாஸ்டர் வெட்டிய கிழமை என் காலையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் தப்பீட்டியள்" என்றார்.

மீன் இப்போது என் உள்ளங்கை நீளம், பெரிய தொட்டியில் ஓடுகிறது. நான் திரும்பவும் சாரத்தில் ஏறுகிறேன். அவர் இப்போது பூநகரிப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறார்; இந்தப் பக்கம் வருவது குறைவு. விறாந்தையில் கிடந்த அந்த மாதங்களை நினைத்தால் வலி முதலில் நினைவுக்கு வருவதில்லை. என் மனைவியும் அந்த மனிதரும்தான் வருகிறார்கள்.