உட்கார வைத்துப் பார்த்த இடுப்பு

ரஸியா இத்தா இறந்துவிட்டார் என்று ஜூ டவுன் கடைக்காரர் ஒருவர் போனில் சொன்னபோது, கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் கூடை சுமந்துகொண்டிருந்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு முதலில் மேனேஜரின் அறையைத்தான் பார்த்தேன். அழுகை பிறகுதான் வந்தது.

இத்தா என்றால் இங்கே அக்கா. அவரிடம் பிசியோதெரபிக்குப் போனவர்களுக்கெல்லாம் என் கதை தெரிந்திருக்கும். ஈரப்பலகையில் கால் பின்னால் வழுக்கி இடுப்பு பிசகியது. அதன்பின் நடக்கும்போது அந்தக் கால் பின்னுக்குப் போனாலே இடுப்பு நழுவுவதுபோல் இருக்கும். கிடங்கு வரவழைத்த டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தே காலை அசைத்துப் பார்த்தார். வலிக்கவில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. "இவளுடெ அபிநயம் கொள்ளாம்" என்று மேனேஜர் எல்லோர் முன்பும் சிரித்தார். என் நடிப்பு நன்றாக இருக்கிறதாம். வேலை போயிற்று.

இத்தா என்னை நிற்கவைத்து, காலைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். வலியில் உயிர் போயிற்று.

"செல்வி, இடுப்புக்கு முன்னாடி கெட்டியா ஒரு நார் இருக்கு, லிகமென்ட். உக்காந்தா அது தளர்ந்து கிடக்கும். நடக்குறப்ப கால் பின்னாடி போகப் போக இறுகி, எலும்புப் பந்து குழிய விட்டு நகராமப் பிடிச்சுக்கும். உனக்கு அதுலதான் அடி. உக்காரவச்சுப் பாத்தா எப்படித் தெரியும்? எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும்."

துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த மேனேஜர் கண்ணு முன்னாடி உன்ன நடக்கவைக்கிறேன்."

பல மாதம் பயிற்சி கொடுத்து நடக்கவைத்தார். கிடங்குக்கே வந்து, தொழிலாளர் சங்கத்தார் முன்னிலையில் பேசி வேலையையும் வாங்கித்தந்தார். மேனேஜர் மட்டும் தன் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. பார்க்கும்போதெல்லாம் இத்தா கேட்பார்: "நீ நடிக்கலன்னு அவன் சொன்னானா?" இல்லை என்பேன். "அப்ப மன்னிக்காத. மன்னிச்சா உடம்புக்கு நல்லதுன்னு யாராச்சும் சொன்னா, என்கிட்ட அனுப்பு."

இரங்கல் கூட்டத்துக்கு அந்த மேனேஜரும் வந்தார். "நல்ல மனசுள்ள ஸ்திரீ" என்று மைக்கில் உருகிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து என்னைப் பேச அழைத்தார்கள்.

"சாரே, எழுந்து நில்லுங்க" என்றேன். "இத்தா என்ன நிக்கவச்சுத்தான் உண்மையக் கண்டாங்க. சொல்லுங்க, நான் நடிச்சேனா?"

அவர் மெல்ல எழுந்து, "இல்ல" என்றார்.

கேட்கவில்லை என்றேன். நன்றாகவே கேட்டிருந்தது. மைக்கை அவர் வாயருகே கொண்டுபோய் மறுபடி சொல்லவைத்தேன்.

இத்தா எனக்கு விட்டுப்போனது, கால் பின்னால் போனாலும் நழுவாத இந்த இடுப்பு. கூடவே அவருடைய கோபம்.

அவன் சொல்லிவிட்டான், இத்தா. நான் இன்னும் மன்னிக்கவில்லை.