பூட்டிய தறி அறை

நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். களம்பூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவளை அங்கே யார் நம்புவார்கள்? நான் டிரம்மில் மருந்து ஊற்றிவிட்டு நகர்ந்தால், அதைக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "தண்ணியே புடிச்சி வெக்கிறதில்லீங்க" என்று யாராவது சொன்னால், முதலில் அவர்கள் குளியலறையைத்தான் எட்டிப் பார்ப்பேன்.

சித்திரை வெயில். மழையின் வாடையே இல்லை. ஆனாலும் தெருவில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு டெங்கு. இந்தக் கொசு எங்கிருந்துதான் வருகிறது? எனக்கு ஒரு வீட்டின் மேல்தான் சந்தேகம். அதன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஆள் படுத்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணோ தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக இருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. இந்த நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, டிரம்முக்குத் துணி கட்டி, வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். தறி அறை மட்டும் பூட்டியிருந்தது.

"உள்ள பாக்கணுங்க."

"தறிதாம்மா இருக்குது. தண்ணி கிண்ணி ஒண்ணும் கெடையாது" என்றார் வீட்டுக்காரர்.

"அப்புறம் இன்னாத்துக்குங்க பூட்டு?"

"புது டிசைன் ஓடிகினு இருக்குது. போன தடவ எவனோ போன்ல போட்டோ புடிச்சிகினு பூட்டான். எங்க சேலை கடைக்குப் போறதுக்குள்ள பவர்லூம்ல அடிச்சி வித்துட்டானுங்க. உன்ன யாரு அனுப்புனாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

வந்ததே எனக்குக் கோபம்! நான் டிசைன் திருட வந்தவளாம்! மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயம் எதற்கு? உள்ளே தொட்டி ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். தினமும் போய் வாசலில் நின்றேன்.

"உன்னோட ஒரே பேஜாரா பூட்சிம்மா" என்று அவர் கத்துவார்.

கடைசியில் என் போனை அவர் மனைவி கையில் கொடுத்தேன். "இத நீங்களே வெச்சிக்கோங்கக்கா. டிசைன் மேல துணி போட்டு மூடிடுங்க. தரைய மட்டும் பாத்துட்டு ஜல்தியா வந்துடறேன்."

வீட்டுக்காரர் அரை மனதாகப் பூட்டைத் திறந்தார். தறியின் மேல் போர்வை போர்த்தியிருந்தார்கள். வெளியே அந்த வெயில் அடிக்க, அறை ஜில்லென்று இருந்தது. மூலையில் ஒரு கட்டில். டார்ச்சைத் தாழ்த்தி அடித்தேன். நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு நூலுக்கு அடியில் அகல அகலமாக மண்சட்டிகள், சட்டி நிறையத் தண்ணீர். அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"தண்ணியே இல்லன்னீங்களே!"

"அது தண்ணியாம்மா? தறிக்கு வெச்சது. காத்து காஞ்சிபூட்டா நூலு அறுந்துகினே இருக்கும். அந்த ஈரம் வேணும். கொறைய கொறைய ஊத்திகினு இருப்போம், அவ்ளோதான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சட்டிகளும் தறியோடு சேர்த்திதான். இத்தனை நாள் நான் கேட்ட கேள்விக்கு அந்த மனிதர் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

"அய்யோ!" என்று அலறினார் அவர் மனைவி. "பாப்பா மத்தியானமெல்லாம் இங்கதானே படுக்குது! குளுகுளுன்னு இருக்குதேன்னு நான்தானே கட்டில் போட்டேன்!"

கூடத்துக்கு ஓடி மகளின் கழுத்தைத் தொட்டவர், வைத்த கையை எடுக்கவே இல்லை.

"காலையிலேர்ந்து உடம்பெல்லாம் வலிக்குதும்மா" என்றாள் அந்தப் பெண். "வெயிலுன்னு நெனச்சேன்."

போனை வாங்கி நான்தான் ஆட்டோவுக்குச் சொன்னேன். வீட்டுக்காரர் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, காய்ந்த மண்ணில் கொட்டினார். பிறகு என் எதிரில் வந்து நின்றார்.

"தாயும் புள்ளையும் நல்லபடியா வந்துடுமாம்மா?"

எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா? "ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

நான் சொன்னதிலேயே அதை மட்டும்தான் அவர் மறுபேச்சில்லாமல் நம்பினார்.