கோச்சடைச் சம்சாரி கேட்ட ஒரு படி விதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பிரிவு உதவியாளனாக இருந்தேன். மதுரையைச் சுற்றி விளையும் நெல் வகைகளை இனம் பிரித்து எங்கள் பேராசிரியர் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய்க் கதிரும் விதையும் வாங்கி வருவது என் வேலை. உமியின் நிறம், மணி நுனியில் மீசை எவ்வளவு நீளம், நெல்தாளின் அடியில் ஊதா ஓடுகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுதுவேன்.

கோச்சடையில் வயல் வைத்து விவசாயம் செய்த, என்னைவிடச் சற்று இளைய ஒரு சம்சாரி, கறுத்த உமியும் சிவந்த மீசையுமாக ஒரு நெல் வைத்திருந்தார். வேறு எந்த ஊரிலும் அதை நான் பார்த்ததில்லை. பேர் கேட்டால், "எங்க வீட்டு நெல்லுண்ணே" என்பார். இரண்டு படி விதையும் நாலு கதிரும் கொடுத்தார்.

கல்லூரியில் எலித்தொல்லை. அதனால் விதைகளை டின்களில் அடைத்து வீட்டில் ஓர் அறையில்தான் வைத்திருந்தேன். பார்த்துக்கொண்டவள் என் மனைவி. மாதம் ஒரு முறை எல்லா டின்களிலிருந்தும் விதையைக் கொட்டி வெயிலில் காயவைத்து, வேப்பிலை மாற்றி மூடுவாள். கதிர்களைக் கெட்டித் தாளில் வைத்துத் தைத்துத் தந்ததும் அவள்தான்.

முதல் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

வேலைக்குப் போனேன், வந்தேன். விதை அறையை மட்டும் திறக்கவில்லை. அந்த ஐப்பசியில் அடைமழை. ஓடு ஒழுகுவது தெரிந்தும் உள்ளே போகக் கால் வரவில்லை.

அதே மழையில் வைகை கரை புரண்டு கோச்சடை வயல்களில் மணல் ஏறியிருந்தது. அடுத்த ஆடியில், விதைப்புக்கு முன், அந்தச் சம்சாரி என் வாசலில் வந்து நின்றார்.

"பயிரும் போச்சு, குதிர்ல இருந்த விதையும் நனஞ்சு அழுகிப்போச்சுண்ணே. நம்ம வீட்டு நெல்லு உங்ககிட்ட இருக்குமில்ல? ஒரு படி போதும், பெருக்கிக்கிருவேன்." உள்ளே எட்டிப் பார்த்தார். "மதினி எங்கண்ணே?"

சொன்னேன். தோளில் கிடந்த பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "நெல்லு கெடக்குண்ணே, இன்னொரு நாள் வாரேன்" என்றார்.

நான்தான் விடவில்லை. அறையைத் திறந்தேன். டின் துருவேறி, உள்ளே பூசணம் பிடித்துக் கட்டிதட்டிக் கிடந்தது. நல்லதாகத் தெரிந்த மணிகளைப் பொறுக்கி ஈரத்துணியில் முடிந்து வைத்தோம். ஐந்தாம் நாள் அவர் வந்ததும் அவிழ்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"காலேஜில கதிரத் தாள்ல தச்சு வச்சிருக்கோம்னு சொன்னீகளே, அதுல நாலு மணி இருக்காதா?"

அழைத்துப்போய்க் காட்டினேன். கதிர் கொஞ்சமும் நிறம் மங்காமல் இருந்தது. ஆசையாகக் கை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்க தம்பி. பூச்சி அரிக்காம இருக்க விஷத்துல முக்குனது. முளைக்காது."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெறகு எதுக்குண்ணே இம்புட்டு அழகா வச்சிருக்கீக?"

கோபமில்லை அந்தக் குரலில். தெரியாமல்தான் கேட்டார். கீழே ஓரத்தில் என் மனைவியின் தையல் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. அவளிருந்தால் இந்த மனிதர் வெறுங்கையோடு போக மாட்டார் என்று நினைத்ததும் உடைந்து அழுதேன். "விடுங்கண்ணே, நீங்க என்ன செய்வீக" என்று என் முதுகைத் தடவினார்.

நூல் அச்சுக்குப் போகுமுன், அந்த நெல் 'கோச்சடையில் பயிரிடப்படுகிறது' என்றிருந்த வரியை 'பயிரிடப்பட்டது' என்று என் கையாலேயே திருத்தினேன்.

தை அறுவடைக்கு அவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். வேறு ஊரிலிருந்து வாங்கிய வெள்ளை நெல் நன்றாக விளைந்திருந்தது. அவர் மனைவி இலை போட்டுச் சுடச்சுடச் சோறு வைத்தார்.

"எப்புடிண்ணே இருக்கு?"

"நல்லாருக்கு தம்பி" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இலையில் ஒரு கறுத்த உமியாவது கிடக்கிறதா என்று என் கண்தான் தேடியது.